சின்னப் பிள்ளை சைக்கிள்தானே!

தம்பி தங்கைகளே,

போன வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் பில்டிங் வாசலில் ஒரு புது சைக்கிள் வந்து இறங்கியது. 16 இஞ்ச் சைக்கிள், நீல நிறம், ஹேண்டிலில் இரண்டு பக்கமும் ஜிகினாத் தாள் தொங்குகிறது. அந்த வீட்டுப் பையனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். முன் பிரேக் கம்பி மாட்டப்படாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. "அண்ணா, ஓட்ட விடறதுக்கு முன்னாடி பிரேக்கைக் கொஞ்சம் பார்த்துடலாமா?" என்று அவன் அப்பாவிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "சின்னப் பிள்ளை சைக்கிள்தானேம்மா, என்ன ஆகப்போவுது?"

இந்த வாக்கியத்தோடு எனக்குப் பழைய பகை இருக்கிறது. இன்றைக்கு அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

2011ஆம் வருஷம். எனக்கு 12 வயது, என் தம்பிக்கு 7. அவன் பிறந்தநாளுக்கு அப்பா ஒரு சைக்கிள் வாங்கினார். கடையிலேயே பெட்டியைப் பிரித்துப் பத்து நிமிடத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏங்க, ஹேண்டில் ஒரு மாதிரியா நிக்குதே. வீல் ஒரு பக்கம் பாக்குது, ஹேண்டில் ஒரு பக்கம் பாக்குது" என்றார். அப்பா சொன்ன பதில் உங்களுக்கே தெரியும். "கடைக்காரன் மாட்டிக் குடுத்ததுதானே. சின்னப் பிள்ளை சைக்கிள்தானே, ரேஸா ஓட்டப்போறான்?"

மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் தம்பி ஓட்டிக்கொண்டிருந்தான். எதிரே ஒரு பிக்கப் வண்டி நின்றிருந்தது. அவன் ஹேண்டிலைத் திருப்பினான். ஹேண்டில் திரும்பியது, வீல் திரும்பவில்லை. நேராகப் போய் வண்டியின் பின் கதவில் மோதினான். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, தாடையில் நாலு தையல். ஹேண்டிலை ஃபோர்க்கோடு இறுக்குகிற ஒரே ஒரு போல்ட்டு சரியாக முறுக்கப்படவில்லை. ஒரு ஆலன் கீயை வைத்து இரண்டு முறுக்கு முறுக்கியிருந்தால் போதும்.

என் அப்பாவுக்கு என்ன வேலை தெரியுமா? அவர் பிட்டர். சோஹார் துறைமுகமும் தொழிற்சாலைகளும் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் வந்து, வாழ்நாளெல்லாம் நட்டும் போல்ட்டும் முறுக்கியவர். அன்றிரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவர் சொன்னது இன்னும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "பிளாண்ட்ல ஒரு பிளாஞ்சை மூடணும்னா மூணு பேர் பாத்துக் கையெழுத்துப் போடணும். எத்தனை டார்க்ல முறுக்கணும்னு பேப்பர்ல எழுதியிருக்கும். என் பையன் ஏறி உக்கார்ற வண்டிய நான் தொட்டுக்கூடப் பாக்கல."

நான் அந்தக் கடைக்காரரைத் திட்டப்போவதில்லை. கடையில் சைக்கிள் மாட்டுகிறவரும் பெரும்பாலும் நம்மைப் போல எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்தான். ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி பிரிக்கிறாய் என்றுதான் அவரைக் கேட்கிறார்கள், எத்தனை போல்ட்டைச் சரிபார்த்தாய் என்று யாரும் கேட்பதில்லை. நான் சண்டை போடுவது அந்த வாக்கியத்தோடுதான். அதற்குள் மூன்று பொய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றாக வெளியே இழுப்போம்.

முதல் பொய்: அது ஒரு பொம்மை.

பொம்மைக்கும் சைக்கிளுக்கும் உலகம் ஒரு கோடு போட்டிருக்கிறது. சீட்டை முழுதாக உயர்த்தினால் தரையிலிருந்து 435 மில்லிமீட்டருக்கு மேல், 635 மில்லிமீட்டருக்குள் வருகிற சைக்கிள்களுக்கு ஐஎஸ்ஓ 8098 என்று தனியாக ஒரு பன்னாட்டுத் தரநிலையே இருக்கிறது. முழுக்கச் சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்காக எழுதப்பட்டது அது. பிரேக் எப்படி இருக்க வேண்டும், ஹேண்டில் எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும், கூர்மையான முனை எங்கே இருக்கக்கூடாது என்றெல்லாம் அதில் வரும். உங்கள் அரை மீட்டர் உயர சைக்கிளுக்காக எத்தனையோ பொறியாளர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நாம்தான் யோசிப்பதில்லை.

இன்னொன்று சொல்கிறேன். காற்றடைத்த டயர் எப்படிப் பிரபலமானது தெரியுமா? அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்று ஒரு கால்நடை மருத்துவர். தன் மகன் மூன்று சக்கர சைக்கிளில் கெட்டி ரப்பர் டயரோடு குலுங்கிக் குலுங்கிப் போவதைப் பார்த்து, ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றிக் கொடுத்தார். 1888இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு பத்தினா நெடுஞ்சாலையில் போகிற டிரெய்லர் வரைக்கும் ஓடுவது அந்த யோசனையின் மேல்தான். "சின்னப் பிள்ளை சைக்கிள்தானே" என்று அந்த அப்பா நினைத்திருந்தால்?

பெரியவர் விழுந்தால் கையை ஊன்றத் தெரியும், பிரேக் பிடிக்காவிட்டால் காலை ஊன்றத் தெரியும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. அவன் விரலில் வலு குறைவு, பிரேக் லீவர் எட்டாது. அவன் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது, அதனால் விழும்போது தலைதான் முன்னே போகும். அப்படிப் பார்த்தால் பெரியவர் வண்டியைவிடச் சின்னவன் வண்டிக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

இரண்டாவது பொய்: மாட்டுகிறவன் பார்த்துக்கொள்வான், நம் கையில் கிரீஸ் எதற்கு?

இதை நம் வீடுகளில் வேறு மாதிரி சொல்வார்கள். "நீ படிக்கிற பிள்ளை, அந்த வேலையெல்லாம் உனக்கு எதுக்கு?" இங்கே சனாய்யா பக்கம் போனால் பஞ்சர் ஒட்டுகிறவர், வெல்டிங் வைக்கிறவர், லேத் ஓட்டுகிறவர் எல்லாரும் யார்? நம் ஊர்க்காரர்கள், நமக்குப் பக்கத்து நாட்டுக்காரர்கள். காலையில் ஷிஃப்டுக்கு சைக்கிளில் போகிற அண்ணன்களைப் பார்த்திருப்பீர்கள். காருக்குள் உட்கார்ந்து "சைக்கிள்காரன் குறுக்க வர்றான் பாரு" என்று சொல்லாத வீடு உண்டா? அவர்களுடைய சைக்கிளை ஒரு முறை உற்றுப் பாருங்கள். பழசாக இருக்கும், பெயிண்ட் போயிருக்கும். ஆனால் செயினில் எண்ணெய் இருக்கும், பிரேக் கட்டை புதிதாக இருக்கும், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டியிருக்கும். நாளைக்கும் அதில் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் அவர் அதைப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். நம் பில்டிங் சைக்கிள்களையும் உற்றுப் பாருங்கள். பளபளவென்று இருக்கும், பிரேக் பிடிக்காது.

நம்மில் பாதிப் பேருடைய ஸ்கூல் ஃபீஸ், கிரீஸ் பட்ட கையிலிருந்துதான் வருகிறது. அந்தக் கைவேலையை நாமே தாழ்வாகப் பேசினால் அது நம் அப்பாக்களைத் தாழ்த்துவதுதான்.

என் அம்மா புதுக்கோட்டைக்காரர். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற இயக்கம். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முனைந்தார். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், வயல் வேலைக்காரப் பெண்கள், ஆசிரியைகள் என்று பல்லாயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கிப் பழகினார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். ஊரில் என்னென்னவோ பேசினார்கள். அவர்கள் பேசட்டும் என்று இவர்கள் ஓட்டினார்கள்.

அம்மாவுக்கு அப்போது 16 வயது. வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர். சைக்கிள் கடைக்கு எட்டிப் போக வேண்டிய ஊர் என்பதால் செயின் கழன்றால் மாட்டவும், பிரேக் கட்டை தேய்ந்தால் மாற்றவும், டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துப் பஞ்சர் ஒட்டவும் தெரிந்துகொண்டார். அவர்தான் எங்கள் வீட்டில் அன்றைக்கு "ஹேண்டில் ஒரு மாதிரியா நிக்குதே" என்று சொன்னவர். கடைக்காரரும் பிட்டரான அப்பாவும் கவனிக்காததை அவர் கவனித்தார். யாரும் கேட்கவில்லை. ஆகவே தங்கைகளே, "பொம்பளப் பிள்ளைக்கு ஸ்பேனர் எதுக்கு" என்று யாராவது சொன்னால் என் தம்பியின் மணிக்கட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

மூன்றாவது பொய்: நாம் இங்கே தற்காலிகம்தானே.

இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இதுதான் இருக்கிறது. "இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் ஊருக்குப் போயிடுவோம்." என் அப்பா இதைச் சொல்ல ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு வருஷம்தானே என்று மலிவான சைக்கிள் வாங்குகிறோம். இரண்டு வருஷம்தானே என்று ரிப்பேர் பார்ப்பதில்லை. கெட்டால் பால்கனியில் போடுகிறோம், பிறகு மொட்டைமாடியில், பிறகு குப்பைத் தொட்டி ஓரத்தில். விசா முடிந்து போகிற குடும்பம் கேட் பக்கத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டுப் போகிறது. இன்னொரு வீட்டுப் பிள்ளை அதை எடுத்து ஓட்டுகிறது. அதன் பிரேக் வேலை செய்கிறதா என்று யார் பார்த்தார்கள்?

நாம் தற்காலிகமாக இருக்கலாம். தம்பியின் கை எலும்பு தற்காலிகம் இல்லை.

சரி, எதிர்க்கட்சியின் ஒரு வாதத்தை நான் மதிக்கிறேன். "எங்களுக்கு சைக்கிள் வேலை தெரியாது. நாங்களே மாட்டினால் கடைக்காரரைவிட மோசமாகப் போய்விடுமே?" இது நியாயமான பயம். பெட்டியில் வருகிற சைக்கிளை வீட்டிலேயே மாட்டும்போது நடக்கிற பிரபலமான தப்பு, முன் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிவிடுவது. பார்ப்பதற்கு சைக்கிள் சரியாகத்தான் தெரியும். ஓட்டினால் ஹேண்டில் கட்டுக்கு நிற்காமல் வெட்டும், பிள்ளையின் பாதம் முன் சக்கரத்தில் இடிக்கும். ஆகவே எல்லாரும் மெக்கானிக் ஆகுங்கள் என்று நான் சொல்லவில்லை. பயமாக இருந்தால் தெரிந்தவரிடமே மாட்டக் கொடுங்கள். ஆனால் மாட்டியது சரியா என்று பார்க்கிற வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். டாக்ஸியில் ஏறினால் சீட் பெல்ட் போடுவதற்கு டிரைவிங் தெரிய வேண்டுமா?

கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே செய்யக்கூடிய ஏழு சோதனைகள் இதோ. ஐந்து நிமிடம் ஆகும். தம்பி தங்கைகளே, நீங்கள் பாருங்கள், அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்கட்டும். எதையாவது இறுக்க வேண்டும் என்றால் கடைசி முறுக்கு பெரியவர் கையால் போகட்டும்.

ஒன்று, ஃபோர்க். சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன் சக்கரத்தின் அச்சு, ஃபோர்க்கின் கால்களுக்கு முன்னால் தள்ளி இருக்க வேண்டும். முன் பிரேக் ஃபோர்க்குக்கு முன்பக்கம் இருக்க வேண்டும். பிரேக் உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஃபோர்க் திரும்பியிருக்கிறது.

இரண்டு, ஹேண்டில். சைக்கிளுக்கு முன்னால் நின்று முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுகப் பிடியுங்கள். ஹேண்டிலை இரண்டு கையாலும் பலமாகத் திருப்புங்கள். சக்கரம் நிற்க ஹேண்டில் மட்டும் திரும்பினால், அந்த சைக்கிளில் யாரும் ஏறக்கூடாது. இந்த ஒரு சோதனையை 2011இல் நாங்கள் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மூன்று, கோடு. சீட் கம்பியிலும் ஹேண்டில் தண்டிலும் ஓர் இடத்தில் கோடு அல்லது வரிசையாகக் கீறல்கள் போட்டிருப்பார்கள். அது உள்ளே மறைந்திருக்க வேண்டும். கோடு வெளியே தெரிந்தால் கம்பி போதுமான ஆழம் உள்ளே போகவில்லை, ஒரு குழியில் இறங்கினால் கழன்று வரலாம். "வளர்ற பிள்ளைதானே" என்று பெரிய சைக்கிள் வாங்குவதும், சின்ன சைக்கிளில் சீட்டைக் கோட்டுக்கு மேல் ஏற்றி ஓட்டுவதும் நம் இரண்டு கெட்ட பழக்கங்கள். யூனிஃபார்மை இரண்டு சைஸ் பெரிதாக வாங்கலாம், மடித்துத் தைக்கலாம். சைக்கிளை மடித்துத் தைக்க முடியாது. புதிதாகப் பழகுகிற பிள்ளை சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதத்தையும் தரையில் பதிக்க முடிய வேண்டும்.

நான்கு, பிரேக். லீவரைப் பிடித்தால் அது ஹேண்டில் பிடியைப் போய்த் தொடக்கூடாது, அதற்கு முன்பே சக்கரம் நிற்க வேண்டும். பிரேக் கட்டை ரிம்மில் பதிய வேண்டும். டயரில் உரசினால் டயரைத் தின்றுவிடும், கீழே இறங்கிப் போக்ஸ் கம்பியில் மாட்டினால் சக்கரமே பூட்டிக்கொள்ளும். லீவர் பிள்ளையின் விரலுக்கு எட்டுகிறதா என்று பிள்ளையின் விரலை வைத்தே பாருங்கள். பல லீவர்களில் அதைக் கிட்டே கொண்டுவர ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். பின்னோக்கி மிதித்தால் நிற்கிற வகை சைக்கிளாக இருந்தால், பின் சக்கரத்திலிருந்து வருகிற பட்டையான கை, சட்டத்தோடு போல்ட்டு போட்டு இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்து, பெடல். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வலது பெடலுக்கு வழக்கமான மரை, இடது பெடலுக்குத் தலைகீழ் மரை. மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. விமானம் செய்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் என்று படித்திருப்பீர்கள். 1900 வாக்கிலேயே தங்கள் சைக்கிள்களில் இந்த இடது மரையைப் பயன்படுத்தினார்கள். பெடலின் முனையில் எல், ஆர் என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். மாற்றிப் போட்டு ஸ்பேனரால் பலவந்தமாக முறுக்கினால் மரை போய்விடும், பிறகு ஒரு நாள் ஓடும்போதே பெடல் கையோடு வந்துவிடும். ஞாபகம் வைக்கச் சுலபமான வழி: எந்தப் பக்கமாக இருந்தாலும் முதலில் விரலாலேயே சுற்றுங்கள். பெடலின் மேல் பக்கம் முன் சக்கரத்தை நோக்கிச் சுற்றினால் இறுகும். பிறகு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர்.

ஆறு, சக்கரம். ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றுங்கள். கோட்டம் இல்லாமல், பிரேக்கில் உரசாமல் சுற்ற வேண்டும். பிறகு டயரை உள்ளங்கையால் பக்கவாட்டில் தட்டுங்கள். அச்சில் ஆட்டம் தெரிந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. சைடு வீல் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் தரையை அழுத்தக்கூடாது, கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை சாய்ந்து திரும்பவே கற்றுக்கொள்ளாது.

ஏழு, செயின். நடுவில் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அசைவு இருக்கலாம். அதற்கு மேல் தொங்கினால் கழலும், விறைப்பாக இருந்தால் மிதிக்கக் கஷ்டமாகும். செயினைச் சுற்றும்போது விரலைப் பக்கத்தில் வைக்கவே கூடாது. செயின் கவர் இல்லாத சைக்கிளில் துப்பட்டாவும் ஷூ லேஸும் மாட்டும், ஓட்டும் முன் இரண்டையும் கட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு இந்த ஏழையும் இன்னொரு முறை செய்யுங்கள். புது சைக்கிளில் பிரேக் கம்பி கொஞ்சம் தளரும், நட்டுகள் அமர்ந்து இடம் கொடுக்கும். முதல் நாள் சரியாக இருந்தது எட்டாம் நாள் சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

இனி நம் ஊர் விஷயம். சோஹாரில் சைக்கிளுக்கு மூன்று எதிரிகள்: வெயில், உப்பு, மணல்.

வெயிலைப் பாருங்கள். ஏசி அறையில் 25 டிகிரியில் டயருக்கு 40 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறீர்கள். அந்த சைக்கிளை மதிய வெயிலில் நிறுத்தி, டயர் 60 டிகிரி வரைக்கும் சூடானால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 46 ஆகிவிடும். வாயு விதி படிக்கிற அண்ணன் அக்காக்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள், வளிமண்டல அழுத்தத்தைக் கூட்ட மறக்காதீர்கள். டயரின் பக்கச் சுவரில் அதிகபட்சம் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். கோடையில் அந்த எல்லை வரைக்கும் அடிக்க வேண்டாம், கொஞ்சம் குறைவாகவே அடியுங்கள். பெட்ரோல் பங்க்கில் கார் டயருக்கு அடிக்கிற பைப்பைச் சின்ன சைக்கிளில் வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் டியூப் வெடித்துவிடும். கைப் பம்ப் வாங்குங்கள். அதோடு வெயில் ரப்பரையும் தின்னும். பால்கனியில் ஒரு கோடை முழுக்கக் கிடந்த டயரைக் கையால் வளைத்துப் பாருங்கள், மெல்லிய வெடிப்புகள் தெரியும். பிரேக் கட்டையும் அப்படித்தான், கல் மாதிரி இறுகி வழுக்கும். நிழலில் நிறுத்துங்கள், முடியாவிட்டால் பழைய பெட்ஷீட் போட்டு மூடுங்கள்.

உப்பு கடல் காற்றில் வருகிறது. கார்னிஷ் பக்கம் ஓட்டிவிட்டு வந்தால் ஈரத் துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். ஹோஸ் பைப்பை நேராக வீல் அச்சிலும் பெடல் அச்சிலும் பீச்சாதீர்கள். உள்ளே இருக்கிற கிரீஸ் போய், தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும்.

மணலுக்கு எண்ணெய் என்றால் உயிர். செயினில் எண்ணெயை ஊற்றி அப்படியே விட்டால் மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்த்துவிடும். முதலில் செயினைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். பின்னோக்கி மிதித்தால் நிற்கிற வகையாக இருந்தால் பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து முன்னோக்கிச் சுற்ற வேண்டும். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசின் ஆகிவிடும். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் ஒரு துளி எண்ணெய்கூடப் படக்கூடாது. "கீச்சு கீச்சுன்னு சத்தம் வருது" என்று பிரேக்குக்கு எண்ணெய் விட்ட ஒரு புத்திசாலியை எனக்குத் தெரியும். அது நான்தான். சத்தம் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை.

பஞ்சரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்ச் சீமைக்கருவேல முள் இங்கேயும் நமக்கு முன்னாலேயே வந்து குடியேறியிருக்கிறது. வாதி ஓரம் ஓட்டினால் டயரில் முள் நிற்கும். டியூபை ஒட்டுவதற்கு முன்னால் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவி அந்த முள்ளைக் கண்டுபிடித்து எடுங்கள். எடுக்காமல் மாட்டினால் அடுத்த தெருவிலேயே மறுபடியும் தள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான்.

ஹெல்மெட்டைப் பற்றி ரொம்ப நீட்டப்போவதில்லை. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நேராக உட்கார வேண்டும், பின்னால் சாய்ந்து நிற்கக்கூடாது. வார்கள் காதுக்குக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவில் ஒரு விரல், அதிகம் போனால் இரண்டு விரல். ஒரு முறை பலமாக அடிபட்டால் அந்த ஹெல்மெட்டின் வேலை முடிந்தது, வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்ற வேண்டும். ஹேண்டிலில் தொங்குகிற ஹெல்மெட் யாரையும் காப்பாற்றியதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகும் "இதுக்கெல்லாம் எங்க டைம்" என்று ஒரு குரல் கேட்கும். கார் பெயிண்டில் கீறல் விழுந்தால் நமக்கு டைம் கிடைக்கிறது. போனுக்குக் கண்ணாடி ஒட்ட டைம் கிடைக்கிறது. வாரத்தில் பத்து நிமிடம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், காற்று, பிரேக், செயின், நட்டு என்று பார்ப்பதற்குக் கிடைக்காதா? தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் 11ஆம் வகுப்புக்கு வந்தால் அரசே சைக்கிள் கொடுக்கிறது. அந்த சைக்கிளை நம்பி எத்தனையோ கிலோமீட்டர் மிதித்துப் பள்ளிக்கூடம் போகிறார்கள் நம் சொந்தக்காரப் பிள்ளைகள். அவர்களுக்கு செயின் மாட்டத் தெரியும். நமக்கு ஏன் தெரியக்கூடாது?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் அப்பா என்னையும் கட்டுப்போட்ட கையோடு தம்பியையும் உட்கார வைத்து, அந்த சைக்கிளை நட்டு நட்டாகப் பிரித்தார். அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "அது அப்படியில்ல, இப்படி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு சாயங்காலம் ஆனது மறுபடியும் மாட்டி முடிக்க. முடித்ததும் அப்பா பிளாண்ட்டில் செய்கிற மாதிரி ஒரு பேப்பரில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்கள் மூன்று பேரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். தம்பி வலது கையால் கோணலாகத் தன் பெயரை எழுதினான். அவன் இடதுகைப் பழக்கக்காரன். அந்தப் பேப்பர் இன்னும் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. மேலே நான் எழுதிய ஏழு சோதனைகளும் அந்தப் பேப்பரில் உள்ளவைதான்.

நீல சைக்கிள் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் மேலே போய் ஆலன் கீயும் ஸ்பேனரும் எடுத்து வந்தேன். அந்த அண்ணன் முதலில் கொஞ்சம் முகம் சுளித்தார். ஹேண்டில் சோதனையை அவரையே செய்யச் சொன்னேன். ஹேண்டில் திரும்பியது, சக்கரம் நின்றது. அவர் ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்து ஆலன் கீயை வாங்கித் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இந்த வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டு சைக்கிளுக்கு முன்னால் நின்று, அந்த ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா